புகைக்குழாய்க்கு ஒரு மூடி

பயப்படுவதற்கு எனக்கு எப்போதும் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பஸ்ஸு வரக் கொஞ்சம் தாமதமானால் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். அடுத்த வீட்டு நாய் குரைக்கவில்லை என்றால் ஏன் குரைக்கவில்லை என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். "இவளுக்குப் பயப்பட ஒண்ணும் கெடைக்கலன்னா, ஏன் ஒண்ணும் கெடைக்கலன்னு பயந்துடுவா" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருந்த ஒரு பயம் சிரித்துக் கழிக்கிற பயம் இல்லை. அப்பா அந்த மார்கழியைத் தாண்டுவாரா மாட்டாரா என்பதுதான் அது.

அப்பாவுக்கு மூச்சிழுப்பு. மண்பாண்டம் செய்கிற குடும்பம் எங்களுடையது. வாலிபத்தில் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகச் சூளை போட்டார். பிறகு விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் பெருகியபோது அங்கே சூளை எரிக்கிற வேலைக்குப் போனார். வீட்டில் குடித்த புகை போதாதென்று அங்கேயும் போய்க் குடித்தார். நெஞ்சு ஒத்துழைக்காமல் வேலையை விட்ட பிறகும் இருமல் அவரை விடவில்லை.

அவரும் அம்மாவும் ஆற்றுப்பக்கம் எங்கள் பழைய தெருவில், மண்சுவரும் கூரையுமாக ஒற்றை அறை கொண்ட வீட்டில் இருந்தார்கள். ஒரு மூலையில் அடுப்பு, எதிர்மூலையில் கதவு, நடுவில் இவர்கள் இரண்டு பேர். எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வீடு. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை பார்த்தேன். காலையில் போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவை அந்த வீட்டை எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் பக்கம் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர்தான். ஆனால் மார்கழியிலும் தையிலும் ஆற்றுப்பக்கத்திலிருந்து இறங்குகிற பனி இருக்கிறதே, அது மண்தரையில் படுக்கிற வயசானவர்களுக்குத்தான் தெரியும். அப்பா அந்த மாதங்களில் படுக்கவே மாட்டார். கதவோரம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். விடியும் முன்பே போய் அடுப்பங்கரையில் குந்திக்கொள்வார். அடுப்பு எரிந்தால் உடம்புக்கு இதம், நெஞ்சுக்கு வினை. சூடு காய்ந்துகொண்டே இருமுவார், இருமிக்கொண்டே சூடு காய்வார்.

அதற்கு முந்தின மார்கழியில் இழுப்பு முற்றி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வூட்ல விறகடுப்பாம்மா?"

"ஆமாங்க."

"அந்தப் புகையில இன்னொரு மார்கழி இவரு தாங்க மாட்டாரும்மா. ஏதாச்சும் பண்ணுங்க."

ஏதாச்சும் என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேஸு அடுப்பெல்லாம் கனவில்கூட எங்கள் தெருவுக்குள் வராத காலம். ஸ்டவ் வாங்கிக் கொடுத்தேன். மண்ணெண்ணெய் வாடைக்கு அவருக்கு இன்னும் அதிகமாக மூச்சு முட்டியது. அம்மாவை வாசலில் வைத்துச் சமைக்கச் சொன்னேன். மழை வந்ததும் அடுப்பு உள்ளே போய்விட்டது. அந்த வருஷம் முழுக்க 'இன்னொரு மார்கழி' என்ற வார்த்தை என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனியில் பொம்மைகளை முகம் முகமாகத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து அதட்டுவார்.

ஐப்பசியில்தான் அந்தச் செய்தி வந்தது. பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவிகா அம்மாள் ஒருவர் தெருத்தெருவாக வந்தார். கண்ணாடி போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பார். கவர்மெண்டு மானியத்தில் வீட்டுக்கு வீடு புகையில்லா அடுப்பு வைத்துத் தருகிறார்களாம். முதலில் வயசானவர்கள் இருக்கிற வீடுகளுக்காம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அவர் கையைப் பிடித்து அப்பா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அப்பாவுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது.

"இன்னாம்மா இது, மண்ணு பெசையற தெருவுக்கு மண்ணு அடுப்பு குடுக்க வந்துக்கிறீங்க? ஒங்க கவர்மெண்டுக்கு வேணும்னா சொல்லுங்க, நான் செஞ்சி அனுப்பறேன்."

"செய்யிங்கய்யா, யாரு வேணான்னாங்க. ஆனா ஒங்க அடுப்புல புகை வெளிய போவுதா?" என்றார் சேவிகா.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அம்மா மட்டும் ஓரமாக நின்று, "வச்சிக் குடுங்கம்மா, அவரு கெடக்கறாரு" என்றாள்.

மறுவாரம் மேஸ்திரி ஒருவர் வந்து அடுப்பைப் போட்டுக்கொடுத்தார். முன்னால் விறகு வைக்கிற வாய். மேலே இரண்டு பானைக்கு இரண்டு கண். பின்கண்ணுக்கு அடியில் ஒரு பொந்து, அதிலிருந்து சிமெண்டுக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக் கூரைக்கு மேலே ஏறி, தலையில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. குழாய் கூரைக்குப் பக்கத்தில் போகிறதே, பொறி பறந்து கூரை பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்கு அன்றைக்கே புதுப் பயம் பிடித்துக்கொண்டது. மேஸ்திரியைக் குழாயை இன்னும் ஒரு முழம் உயர்த்த வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

என் அம்மாவுக்குச் சேவிகா பாடம் நடத்தினார். விறகைச் சின்னதாகப் பிளந்து வைக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் பானை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளே வரும். மாசம் ஒரு தடவை குழாய்க் கரியைத் தட்டிவிட வேண்டும். எல்லாம் சொன்னார். குழாயை மூடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. புகை போவதற்கென்று வைத்த குழாயைப் போய் யாராவது அடைப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அடுப்பு வேலை செய்தது. நான் நம்பவே இல்லை, ஆனால் வேலை செய்தது. முந்திரி விறகு வைத்து எரித்தாலும் வீட்டுக்குள் கண் கரிக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது குறைந்தது. கார்த்திகை முடிவதற்குள் அப்பாவின் இருமல் பாதியாயிற்று, பிறகு கால்வாசியாயிற்று, பிறகு நான் போய் நிற்கிற நேரத்தில் அவர் இருமுவதே இல்லை. தெருவில் சில வீடுகளில் அந்த அடுப்பை அதற்குள் உடைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் பின்கண்ணில் வைக்கோல் போட்டுக் கோழியை அடைகாக்க வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. சேவிகா வரும்போதெல்லாம் அப்பாவை எழுப்பி நிற்க வைத்து, கூட வருகிற அதிகாரிகளிடம், "இந்த ஐயாவுக்கு இழுப்பு இருந்துச்சு சார், இப்ப பாருங்க" என்று காட்டுவார். அப்பா கண்காட்சிப் பொருளைப் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் மார்கழி பிறந்ததும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. பழைய அடுப்பு புகையோடு சூட்டையும் அறைக்குள்ளேயே விட்டுவைக்கும். புது அடுப்பு இரண்டையும் சேர்த்து ஆகாயத்துக்கு அனுப்பியது. சமையல் முடிந்த கொஞ்ச நேரத்தில் அறை சில்லிட்டுப் போனது.

"கவர்மெண்டு அடுப்பு ஒசந்த அடுப்புதான். ஊருக்கெல்லாம் சூடு குடுக்குது, நமக்கு மட்டும் இல்ல" என்று அப்பா புலம்பினார். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் குளிர்ந்து வெளுத்திருந்தது. இருமல் இல்லாமல் குளிரில் விறைத்துப் போவாரோ என்று என் பயம் பக்கம் மாறிக்கொண்டது. கம்பளி வாங்கிக்கொடுத்தேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அதை அம்மா மேல் போர்த்திவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் போனபோது அடுப்பின் பின்கண்ணுக்குள் ஏதோ குமிழ் போலத் தெரிந்தது. கையை விட்டு எடுத்தேன். சுட்ட மண்ணில் செய்த மூடி. சட்டிக்கு மூடி செய்வது போலவே, பிடித்துத் தூக்க மேலே ஒரு குமிழ் வைத்து, குழாய்க்குப் போகிற பொந்துக்குக் கச்சிதமாகச் செய்திருந்தார் அப்பா.

"இது இன்னாப்பா?"

"சூள எரிஞ்சி முடிஞ்சா இன்னா பண்ணுவோம்? மூடுவோம் இல்ல? மூடலன்னா சூடு ஓடிப் போயிடும், பானை வெடிச்சிடும். அதே வேலதான். சமச்சி முடிஞ்சி புகை அடங்கனப்பறம் மூடறேன். வெறும் கங்குதான, அது உள்ளயே கெடந்து வூட்டச் சூடா வச்சிருக்குது."

எங்கள் ஆட்களுக்கு அது கையோடு வந்த புத்தி. சூளை எரிந்து முடியும்வரை ஆண்களுக்கு வேலை. எரிந்த பிறகு காற்றுக்கு விட்டிருந்த பொந்துகளையெல்லாம் அடைத்து, விரிசல் தெரிகிற இடமெல்லாம் சேறு பூசி, சூட்டை உள்ளே அடக்குவது பெண்களுக்கு வேலை. அம்மா அதில் பெரிய கைக்காரி என்று பெயர் வாங்கியவள். ஆனால் எங்கள் சூளைகள் வெட்டவெளியில் நின்றவை. அவற்றை மூடி யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அடைத்த கங்கு ஒரு சின்ன அறைக்குள் என்ன செய்யும் என்று எங்கள் யாருக்குமே தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இருந்த பயம் வேறு. காலையில் மூடியை எடுக்க மறந்து அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் புகை மொத்தமும் அப்பா நெஞ்சுக்குள் போகுமே என்றுதான் பயந்தேன். "டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?" என்று கத்திவிட்டு மூடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குயவனிடமிருந்து மூடியைப் பறித்து என்ன பயன்? இரண்டு நாளில் அங்கே புது மூடி இருந்தது. அதையும் எடுத்து வந்தேன். மறுபடி ஒன்று வந்தது. என் வீட்டு அலமாரியில் குமிழ் வைத்த மூடிகள் வரிசையாக உட்கார்ந்தன. "ஒங்கப்பாவ வுட்டா கடையே வச்சிடலாம் போலக்குது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அப்பா முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

"யப்பா, ஒன்னப் பொழைக்க வைக்க நான் எவ்ளோ அலையறேன். நீ இன்னாடான்னா வெளையாடிக்கினு இருக்கிறியே."

அவருக்கு என் அழுகை தாங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "சரி வுடு. இனிமே நான் அத மூட மாட்டேன், போதுமா?" என்று தலையில் கை வைத்துச் சொன்னார். என் தலையில் இல்லை, அவர் தலையில். அம்மா அப்போது அறை மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு நான் சாயங்காலம் போகும்போதெல்லாம் முதல் வேலையாக அடுப்புக் கண்ணுக்குள் கையை விட்டுத் துழாவுவேன். மூடி இருக்காது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுவருக்கும் கூரைக்கும் இடையில் இருந்த சந்தில் வைக்கோலைத் திணித்து மேலே மண் பூசியிருப்பதைப் பார்த்தேன். ஜன்னலுக்கும் சாக்கை வைத்து அடைத்திருந்தது. அம்மா பனிக்காக அடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தக் காலை எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. பனி கண்ணை மறைத்தது. எதிரே வந்த சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஷிப்டு, இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவர் ஏதோ கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். தெருவில் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மா வீட்டு வாசல் காய்ந்து கிடந்தது.

"தூங்கியிருப்பாங்க" என்றார் அவர்.

அம்மா தூங்குவாளா? காய்ச்சல் வந்த நாளில்கூட அவள் வாசல் காய்ந்து கிடந்ததில்லை. நான் ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "யம்மா, யம்மா" என்று கூப்பிட்டேன். அப்பா பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன் என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவ்வளவு வருஷமாக எதெதற்கோ பயந்தேனே, நிஜமாக ஒன்று வந்து நின்றபோது அதற்குப் பயம் என்ற பெயர் போதவில்லை.

என் வீட்டுக்காரர் தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார். உள்ளே புகை இல்லை. துளி வாடைகூட இல்லை. அறை மட்டும் கதகதவென்று இருந்தது, அப்போதுதான் இறக்கிவைத்த சோற்றுப்பானையைத் திறந்ததுபோல. அப்பா கதவோரம் சுவரில் சாய்ந்தபடி தலை தொங்கிக் கிடந்தார். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரண்டு பேரையும் தெருவுக்கு இழுத்துப் போட்டோம். குளிர்ந்த காற்று பட்டதும் அப்பா முனகி வாந்தி எடுத்தார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

பொம்மை ஏற்றிக்கொண்டு போன லோடு வண்டி ஒன்றை யாரோ மறித்து நிறுத்தினார்கள். வைக்கோலில் சுற்றிய பொம்மைப் பெட்டிகளுக்கு நடுவே அவர்களைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. வருஷம் முழுக்க நான் அப்பாவுக்காகத்தான் பயந்தேன். அம்மாவுக்காக ஒரு நாள்கூடப் பயந்ததில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். அதே டாக்டர்தான். யார் எங்கே கிடந்தார்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"அடுப்புல கங்க வச்சி மூடினீங்களா? அதுலேர்ந்து ஒரு காத்து வரும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசன கெடையாது. தூங்கறவங்க அப்படியே தூங்கிடுவாங்க. கதவோரம் சந்து இருந்ததால பெரியவரு தப்பிச்சாரு. அம்மாவுக்குத்தான் பொறுத்துப் பாக்கணும்."

பொறுத்துப் பார்க்கணும் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் வீட்டில் யாரும் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டார்கள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் அப்பா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுப்பில் மல்லாட்டைத் தோலை, அதுதான் நிலக்கடலைத் தோலை, கொட்டி, கங்கு அணையாமல் கணகணவென்று கிடக்கிற மாதிரி செய்திருந்ததாம். குழாய்ப் பொந்தில் மூடி இல்லை. பிசைந்த மண்ணை உருண்டையாகத் திணித்து, ஓரமெல்லாம் விரலால் வழித்துப் பூசியிருந்ததாம். "ஊசி நொழைய எடமில்ல" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக ஆண்கள் வார்டுக்குப் போனேன். மத்தியானத்துக்கெல்லாம் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலை வலிக்கிறது என்றும், ஆஸ்பத்திரி டீ வெந்நீராக இருக்கிறது என்றும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூட மாட்டேன்னு சொன்னியே. தலையில கை வச்சிச் சொன்னியே. மூடி செஞ்சாத்தான் நான் கண்டுபிடிப்பேன்னு மண்ண வச்சி அடைச்சியா? அங்க அம்மா கண்ணு முழிக்காம கெடக்குது, தெரியுமா?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் பேசாமல் இருந்ததுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். பெண்கள் வார்டு தாழ்வாரத்துக்கு இந்தப் பக்கம், ஆண்கள் வார்டு அந்தப் பக்கம். என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "அவரு?"

"நல்லாருக்காரு. உக்காந்து டீ குடிக்கிறாரு. எல்லாம் அவரு பண்ண வேல. நல்லா கேட்டு வுட்டுட்டு வந்துக்கிறேன்."

"அவர ஏண்டி கேட்ட?" நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. "அவரு மூடல. நாந்தான் மூடனேன்."

எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.

"அவரு தூங்கனப்பறம் நான் எழுந்து மூடுவேன். வெடியக்காலத்துல மண்ண எடுத்துடுவேன். அவருக்குத் தெரியாது. நேத்துதான் பனி ஜாஸ்தியா இருந்துச்சின்னு தோலக் கொஞ்சம் கூடக் கொட்டிட்டேன்."

"எதுக்கும்மா? அவருதான் வேணான்னு வுட்டுட்டாரே?"

அம்மா மேலே விட்டத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இருமல் நின்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லடி. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு இருமறதக் கேட்டுக்கினே தூங்கினவ நான். நடுவுல முழிப்பு வந்தா இருமிக்கினு இருப்பாரு. சரி, மனுஷன் இருக்காருன்னு திரும்பிப் படுத்துக்குவேன். இப்ப முழிச்சா சத்தமே இல்ல. இருக்காரா இல்லியான்னு தெரியல. கூப்புட்டுப் பாக்கவும் பயமா இருக்குது. பதில் வரலன்னா? மெள்ளக் காலத் தொட்டுப் பாப்பேன். ஜில்லுனு கல்லு மாரி இருக்கும். எனக்கு உசுரே போயிடும். சூடா இருந்தா ஆளு இருக்காருன்னு தெரியும் இல்ல? அதுக்குத்தான்."

பயப்படுகிற புத்தி எனக்கு மட்டும்தான் என்று அவ்வளவு காலம் நினைத்திருந்தேன். பகலெல்லாம் நான் பயந்த வீட்டில் அவள் தினம் தினம் இருட்டில் தனியாகப் பயந்திருக்கிறாள். நான் அவளிடம் கேட்டதெல்லாம் 'அப்பா எப்படி இருக்காரு' என்பது மட்டும்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியக்கூடாதென்று முந்தானையால் முகத்தைத் துடைக்கிறமாதிரி துடைத்தேன்.

அம்மாவின் கவனம் என் மேல் இல்லை. கழுத்தை நீட்டித் தாழ்வாரப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாலுமே உக்காந்துக்கிறாரா?"

"நெசமாத்தாம்மா."

"எனக்குச் சமாதானம் சொல்றியா?"

"இல்லம்மா. சத்தியமா."

அவள் நம்பவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸு வந்து அதட்டிப் படுக்க வைத்தாள். அப்பாவை எழுப்பிக் கூட்டிவரலாமா என்றால், அவரும் இன்றைக்கு நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா என் கையைச் சுரண்டினாள்.

"நீ போயி அவர ஒருவாட்டி இரும சொல்லு."

"இன்னாது?"

"இரும சொல்லுடி. இங்க கேக்கும்."

நான் எழுந்து போனேன். வேறென்ன செய்ய? ஒரு வருஷமாக எந்த இருமலை நிறுத்த ஊரெல்லாம் அலைந்தேனோ அதைக் கேட்டு வாங்கப் போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதலில், "மன்னிச்சுக்கப்பா, அம்மா எல்லாம் சொல்லிச்சு" என்றேன். அவர், "பாவம், அதுக்கு அப்படி ஒரு புத்தி" என்றார். மண்ணை வைத்து அடைத்ததாக நான் திட்டும்போதே அது யார் கை வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா ஒன்ன ஒருவாட்டி இரும சொல்லுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருமலா? வரலியே."

"வராட்டியும் இருமு."

எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, பலமாக இரண்டு தடவை இருமினார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பி ஓடி வந்தபோது அம்மாவின் முகம் மாறியிருந்தது. உதட்டோரம் சிரிப்பு.

"பொய்யா இருமறாரு" என்றாள். "அவரு இருமல் எனக்குத் தெரியாதா? ஒண்ணியும் இல்ல, பொழச்சிக்கிட்டாரு."

அப்படியே ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. வார்டில் விளக்கைப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாடு வாங்கிவந்து கூப்பிட்டார். நான் போகவில்லை. அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.